அப்பாவுக்குப் பத்து சதவீதம்

வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அனுப்பும் மென்பொருள் ஒன்றை எழுதி, அதையே ஊர் முழுக்க விற்றவர் அவர். பல் மருத்துவருக்குப் போனால் 'பல்', டயர்க் கடைக்குப் போனால் 'டயர்'. ஒரே சட்டைக்குப் பொத்தானை மாற்றித் தைக்கிற வியாபாரம். வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்த மகளுக்கு மட்டும் அதைச் சும்மா கொடுத்திருந்தார்.

மனைவி போனபின் டயர்க்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் அவரும் கணினியும்தான். ஆனாலும் மதியமானால் மகளிடமிருந்து செய்தி தவறாமல் வரும்: 'அப்பா, சாப்பிட்டீங்களா?' அடுப்பே பற்றவைக்காத நாளிலும் 'ஆச்சும்மா' என்று பதில் போடுவார். அதைக் கீழே டயர்க்கடைக்காரரிடம் காட்டிப் பெருமையடிப்பதும் உண்டு.

இன்று வந்தது வேறு: 'அன்புள்ள அப்பா, நீங்கள் கண்ணாடி வாங்கி ஓராண்டு ஆகிறது. இன்றே வாருங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி.'

டயர்க்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெத்த அப்பனுக்குப் பத்துதானாண்ணே? வழியில போறவனுக்கே நான் பதினஞ்சு குடுக்கிறேன்."

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர்க் கட்டத்தில் 'அப்பா' என்று போட்டு, வாடிக்கையாளர்களோடு இவரையும் மென்பொருளில் ஏற்றிவிட்டிருக்கிறாள் மகள். அப்படியானால் தினமும் சாப்பாட்டை விசாரித்ததும் மெஷின்தான். தன் கைச்சரக்கே தன் தலையில் கட்டப்பட்டிருக்கிறது.

மாடியேறி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு சொல்லைப் பதிலாக அடித்தார்: 'புகார்'.

அந்தச் சொல்லுக்கு மென்பொருளில் ஒரு விதி உண்டு, டயர்க்கடைக்காரர் அடம்பிடித்துச் சேர்க்கவைத்தது. கோபத்தில் இருப்பவனிடம் மெஷின் பேசினால் டயர் தன் தலைக்கே வரும் என்றார் அவர். அதனால் யார் புகார் என்று எழுதினாலும் மெஷின் வாயை மூடிக்கொண்டு, கடை முதலாளியையே போனில் இணைத்துவிடும்.

மணி அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க. கண்ணாடில என்ன குறை?" கடைக்குரல்.

"கண்ணாடில ஒரு குறையும் இல்லம்மா."

"அப்பாவா?" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

மெஷினிடம் ஒருநாளும் சொல்லாத பதில்.

"லைன்லயே இருங்கப்பா. ஒரு கஸ்டமர் நிக்கிறாங்க, அனுப்பிட்டு வந்துடறேன். வச்சிடாதீங்க."

காத்திருப்போருக்கான இசை தொடங்கியது. இலவசமாகக் கிடைத்ததென்று அதைச் சேர்த்தவரே அவர்தான். இன்றுதான் அதைக் கடைசிவரை கேட்டார். அது முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.