ஐந்து வேளை மாத்திரை

இரண்டு மணி மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சூப்பிரண்டு இராமதாஸ் நின்று, மருமகன் வாங்கப்போகும் மனையைப் பற்றி யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டால் அட்டையைக் கையில் வாங்கிப் பெயரைப் படிப்பார். அதோடு விட மாட்டார், தனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு அது எதற்கான மருந்து என்றும் கேட்பார். லாஸ்பேட்டையில் தனியார் கல்லூரி ஒன்றில் கிளார்க்காக இருப்பவனுக்கு வரும் வியாதி அலுவலகப் பொதுச்சொத்து. மாத்திரை தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்கியபடி அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. ஐந்து வேளை, ஐந்து நாள். அன்று திங்கட்கிழமை, கடைசி நாள். ஓசூரில் வேலை பார்த்த காலத்தில், கூட இருந்தவர்களோடு ஒரு சனிக்கிழமை போன இடத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. ஆண்பிள்ளை என்று காட்டிக்கொள்ளப் போனேன், வேறொன்றும் இல்லை. கடலூர் ரோட்டுப் பக்கம் உள்ள தோல் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே சீட்டு எழுதினார். "ஹெர்ப்பிஸ். முழுசா போவாது. வரும், அடங்கும், திரும்ப வரும். அரிப்பு தெரியும்போதே மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க. கல்யாணம் ஆனா சம்சாரத்துக்கிட்ட சொல்லிடுங்க. முக்கியமா கர்ப்பமா இருக்கும்போது" என்றார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷம். பூர்ணிமாவிடம் சொல்லவில்லை. சொல்லாததை ஈடுகட்ட நானாகவே ஒரு பத்தியம் வைத்துக்கொண்டேன். கத்திரிக்காய், கருவாடு, நண்டு எதையும் தொடுவதில்லை. டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதில் சொறி வந்தபோது அம்மா நிறுத்திய பதார்த்தங்கள் அவை. "எனக்கு ஒத்துக்காது" என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன், அவளும் நம்பினாள். நாக்கைக் கட்டிப்போட்டால் வியாதியும் கட்டுப்பட்டுக் கிடக்கும் என்று நானும் நம்பினேன். படித்தவன் புத்தி இவ்வளவுதான்.

இந்தத் தடவை அரிப்பு தெரிந்தது அதற்கு எட்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்பு முடிந்து சேதராப்பட்டில் தன் அம்மா வீட்டில் இருந்த பூர்ணிமா, ஸ்கேன் எடுக்க டவுனுக்கு வந்து ஒரு ராத்திரி லாஸ்பேட்டை வீட்டில் தங்கினாள். எட்டு மாதம். ஒரு மாதமாகத் தனியாகக் கிடந்தவன் நான். சாயங்காலமே லேசாகச் சுருக்கென்றது. வேர்க்குரு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். வேர்க்குருவாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். செவ்வாய்க்கிழமை கொப்புளம் வந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் முத்தியால்பேட்டைக் கடையில் சரக்கு இல்லை. பக்கத்தில் இருக்கும் கடைகளில் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. வியாழக்கிழமைதான் முதல் மாத்திரை போட்டேன்.

நாலரைக்கு மாமியார் சொர்ணம் போன் செய்தார்.

"தம்பி, பயப்படாதீங்க. பூர்ணிமாவுக்கு அக்கி போட்டிருக்கு. வெள்ளிக்கெழம ஜொரம் வந்துச்சி. நேத்தியே கொயவரு வூட்டுல சொல்லி எழுதிட்டோம். இன்னிக்கு ரெண்டாவது எழுத்து. நாளைக்கு மூணாவது எழுதிட்டா வாடிப்புடும்."

"எங்க போட்டிருக்கு அத்த?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்ற எடமா அது? இடுப்புக்குக் கீழ, ஒக்கார்ற எடம் வரைக்கும்."

சூப்பிரண்டிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கோரிமேடு தாண்டும்வரை ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வெள்ளிக்கிழமை காய்ச்சல். அக்கியாக இருக்கக்கூடாதா, நிஜமான அக்கியாகவே இருக்கக்கூடாதா என்று வழியில் இருந்த கோயிலுக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு லாரிக்காரன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அதுகூட ஆறுதலாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது குயவர் வீட்டு அஞ்சலாட்சி வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். கையில் இருந்த கொட்டாங்கச்சியில், அக்கிக் கொப்புளத்தின்மேல் உருவம் எழுதும் செங்காவிக் குழம்பு மிச்சம் இருந்தது. பெண்களுக்கு, அதிலும் இப்படிப்பட்ட இடத்தில் என்றால், அவள்தான் எழுதுவாள். "சிங்கம் எழுதியிருக்கேன் தம்பி. தண்ணி படக்கூடாது. வூட்டுல தாளிக்கக்கூடாது" என்றாள். மாமியார் அவளுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தபடி என்னைப் பார்த்து, "ஊசி கீசின்னு கெளம்பிடாதீங்க. அக்கிக்கு ஊசி போட்டா உள்ள எறங்கிப்புடும்" என்றார். மாமனார் கம்பெனியில் வாட்ச்மேன், ஷிப்டுக்குப் போயிருந்தார். அந்த மட்டும் பிழைத்தேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பூர்ணிமா உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிறு பக்கத்தில் தனியாக ஒரு ஆள் படுத்திருப்பதுபோல் இருந்தது. உதடெல்லாம் வறண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"லீவு போட்டுட்டா வந்தீங்க? இதுக்கெல்லாமா?"

"அத்த, ஒரு அஞ்சு நிமிசம்..." என்றேன். மாமியார் புரிந்துகொண்டவர்போல் முகத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். எங்கே ஆரம்பித்தேன், எப்படி முடித்தேன் என்று தெரியாது. ஓசூரையும் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை "மன்னிச்சிடு" வந்தது, அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கத்திரிக்கா ஒத்துக்கலன்னு சொன்னது?"

"அது... அதுக்குத்தான்."

"ரெண்டு வருசமா நானும்ல சாப்புடல. ஒங்களுக்கு ஒத்துக்கலன்னு."

நான் என்னென்னவோ திட்டுக்குத் தயாராகி வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. அழுகை வந்தது. அழுதால் அவளைத் தேற்ற வைத்ததாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது சட்டைப் பையில் செல்போன் அலாரம் அடித்தது. ஆறு மணி. அதை அமுக்குவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"எதுக்கு அடிக்குது?"

"மாத்தர."

"போடு. நேரத்துக்குப் போடணும்ல?"

'போடுங்க' என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் நீ என்று சொன்னதே இல்லை. கோபத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை. தலைமாட்டில் இருந்த அவளுடைய சொம்பை எடுக்கக் கை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டேன். மாத்திரையை வெறும் வாயில் போட்டுக்கொண்டேன்.

"புள்ளைக்கு?" என்றாள்.

அதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னேன். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்கு வரலாம், வந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் தடவையாகத் தாய்க்கு வந்திருக்கும்போது அந்தப் பயம் அதிகம். முன்னாலேயே தெரிந்துவிட்டால் டாக்டர்கள் மாத்திரை கொடுப்பார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். தெரியாமல் போனால்தான் வினை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடிக்கப் போன என் கையைத் தள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. நேராகப் பின்பக்கம் குளிக்கும் மறைப்புக்குள் போய்த் தட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. மாமியார் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அடியே! எழுத்து மேல தண்ணி ஊத்துறியா? சாமிக் குத்தம்டி! தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க!"

தட்டிக்குக் கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்து துவைக்கிற கல்லைச் சுற்றி ஓடியது. எரிச்சலில் அவள் முனகுவது கேட்டது. மாமியார் என் முகத்தையே பார்த்தார். அந்த நிமிஷம் அவருக்கு எதுவோ விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கரண்டியை இறக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வண்டியில் அவளால் உட்கார முடியாது. ஆட்டோ கிடைக்கவில்லை. கம்பெனி ஷிப்டு விட்ட நேரம், பாண்டி பஸ் நிறைந்து வந்தது. ஏறினோம். அவள் கம்பியைப் பிடித்து நின்றாள், நான் பின்னால் அவளையும் வயிற்றையும் யாரும் இடிக்காதபடி கையை அணைகட்டி நின்றேன்.

"ஆஸ்பத்திரில யாரு சொல்றது?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான் சொல்றேன்."

"நர்சு இருக்கும்போதுமா?"

"இருந்தாலும்."

நான் சொன்னதில் எனக்கே அரைவாசிதான் நம்பிக்கை இருந்தது. சூப்பிரண்டு எதிரில் ஒரு மாத்திரை போடத் துணியாதவன். டாக்டர் என்ன வியாதி என்று கேட்டதும் வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டிவிடுவேனோ என்று பயந்தேன்.

மீன் கூடையைக் காலிடுக்கில் வைத்திருந்த அம்மாள் ஒருத்தி பூர்ணிமாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சட்டென எழுந்தாள். "ஒக்காரும்மா."

"இல்லக்கா, இருக்கட்டும்."

"மாசமா இருக்கிற பொண்ணு நின்னுக்கினு வர, நான் ஒக்காருவனா? ஒக்காரு கண்ணு."

"ஒக்கார முடியாதுக்கா."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "என்னாய்யா புருசன்காரன் நீ? இவ்வளோ கூட்டத்துல கம்முனு நிக்கிற. ஒக்கார வய்யி!"

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூர்ணிமாவும் திரும்பி, நான் சொன்ன பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

"அவங்களுக்குப் புண்ணு இருக்கு. ஒக்கார முடியாது" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னாலதான் வந்துச்சி" என்றேன்.

அந்த அம்மாளுக்கு எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், ஆனால் திரும்ப உட்காரவில்லை. பூர்ணிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோரிமேட்டில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. அத்தனை நெரிசலிலும் வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் நிற்பதைப் பார்த்து யாரும் அந்த சீட்டில் உட்காரவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அது காலியாகவே டவுனுக்குள் வந்துகொண்டிருந்தது.