தலை மாற்றிய பாஸ்போட்டில் அடித்த கோல்

பலெர்மோவின் கபோ சந்தையில் மீன்கடைக்கு முன்னால் நின்ற என்னை அருளையா அண்ணை மூச்சு வாங்க வந்து கூப்பிட்டார்.

"பிள்ளை எமிலியானா, ஒரு சைனாக்காரப் பெட்டை படம் ஒண்டு வைச்சுக்கொண்டு உன்ர தம்பியைத் தேடித் திரியிறாள்."

"ஆரை?"

"ஞானசேகரத்தை. முழுப்பேரும் சரியாச் சொல்லுறாள். ஏதோ நல்ல சேதி போல கிடக்கு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி காணாமல் போய் ஆறு வருடம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் மன்னார் ரவுனுக்கு சைக்கிளில் போனவன். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் அவன் பெயரைச் சொல்ல அம்மாவும் விடவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. அப்படிப்பட்டவனை ஒருத்தி பெயர் சொல்லித் தேடுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? மீன்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு நிமிடம்தான் அந்தச் சந்தோசம். பிறகு மூளை வேலை செய்தது. அவள் சைனாக்காரி அல்ல, ஜப்பான்காரி. அவள் தேடுவது என் தம்பியை அல்ல, என் புருசனை.

தம்பிக்கு ஜப்பான் விசா குத்திய பாஸ்போட் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது அவன் இல்லை. பார்த்துப் பார்த்து இருந்தோம். விசா முடியப்போகிற நேரம் அம்மாவே அதை எடுத்து, எனக்குப் பேசி வைத்திருந்த கொட்வினின் கையில் கொடுத்தார். ஒருத்தனாவது தப்பட்டும் என்றார். கொழும்பில் தலை மாற்றினார்கள். தலை மாற்றுவது என்றால் பழைய படத்தை உரித்துவிட்டு வேறு ஆளின் படத்தை ஒட்டுவது. முகம் கொட்வினுடையது, பெயர் தம்பியுடையது. அந்தப் பெயரில்தான் அவர் ஜப்பானில் கிதாமுரா செய்மோ என்ற மீன்வலை ஆலையில் வேலை செய்தார். ஞாயிறுகளில் அந்த ஆலையின் கால்பந்துக் கழகத்துக்கு இடது ஓரத்தில் ஆடினார். பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதும் அந்தப் பெயரில்தான்.

இத்தாலிக்கு வந்தபிறகு சொந்தப் பெயரில், இங்கே தங்குகிற அனுமதியான பெர்மெஸ்ஸோவுக்குப் போட்டிருந்தார். தனக்கு வேறு பெயர் எதுவும் இருந்ததில்லை என்று வக்கீலிடம் கையெழுத்தும் வைத்திருந்தார். அது பொய் என்று குவெஸ்தூராப் போலீஸ் கந்தோருக்குத் தெரிந்தால் பெர்மெஸ்ஸோ இல்லை, விமானம்தான். விமானம் இறங்கினால் தம்பி போன வழிதான். இந்த நிலையில் ஒருத்தி அவர் படத்தைக் காட்டி அந்தப் பெயரைச் சந்தை முழுக்கக் கூவிக்கொண்டு திரிகிறாள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மனுசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அது எங்கட கழகத்துக் கப்டன் மொரிதான்ர மகளாத்தான் இருக்கும். பாட்டுப் படிக்க இத்தாலிக்கு வரப்போறாள் எண்டு எழுதினவர்."

"எழுதினவரோ? நீங்கள் பலெர்மோவிலை இருக்கிறது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நத்தாருக்கு ஒரு கார்ட் போடுறனான். பழைய வீட்டு விலாசத்திலை."

"எந்த நத்தாருக்கு?"

"எல்லா நத்தாருக்கும்," என்றார் கொட்வின், தலையைக் குனிந்துகொண்டு.

இந்த மனுசனுக்கு மூளை முழுக்க இடது காலில்தான் இருக்கிறது. கத்தினேன், அழுதேன், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். கடைசியில் ஒரு கதை கட்டினோம். ஞானசேகரம் இங்கே இல்லை, இவர் அவனுடைய மச்சான் கொட்வின். கட்டிய கதை என்றாலும் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதற்குள் அருளையா அண்ணை நல்ல மனசோடு எங்கள் விலாசத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிறு பின்னேரம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதுவரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. மணி அடித்தால் போலீஸ், படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் போலீஸ். பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்யும் வீட்டில் வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுகிறேன் என்று பொசுக்கிவிட்டேன். காய்ச்சலா என்று கேட்டார் அந்த மனுசி. ஓம் என்றேன்.

அதைவிடக் கொடுமை எங்கள் சனம்தான். வியா மக்வேதாத் தெருவில் கண்ட இடத்தில் மறித்து, "தம்பி கிடைச்சிட்டானாமே?" என்று கையைப் பிடித்தார்கள். குகனேஸ்வரி அக்கா சைவக்காரி. அவர்கூட மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னார். இல்லை என்றால் பாஸ்போட் கதை முழுவதையும் அவிழ்க்க வேண்டும். ஓம் என்றால் தம்பியை எங்கே கொண்டுவந்து காட்டுவது? "பாப்பம் அக்கா," என்று சொல்லிவிட்டு வந்து குசினிக்குள் அழுதேன்.

ஞாயிறு வந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. என்னைவிட நன்றாக இத்தாலியன் பேசினாள். பெயர் கேட்டேன். நவோமி என்றாள். பைபிளில் வருகிற றூத்தின் மாமியார் பெயர் ஜப்பான்காரிக்கு எப்படி வரும்? குவெஸ்தூரா அனுப்பிய ஆள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அங்கே அது சாதாரணப் பெயர் என்று கொட்வின் என் காதுக்குள் சொல்லும் வரைக்கும் தேத்தண்ணீரைக்கூட நான் அவள் பக்கம் தள்ளவில்லை.

அவள் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மழையில் ஆடிய பதினொரு பேர், முகமெல்லாம் சேறு. யார் யாரென்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

"இவர் ஞானசேகரத்தின் மச்சான்," என்றேன். "அவன் இங்கே இல்லை."

நவோமியின் முகம் வாடிப்போனது. ஆனாலும் வந்த விசயத்தைச் சொன்னாள். கழகத்துக்கு முப்பது வயதாகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வலை காயப்போடும் முற்றத்தில் பந்தடித்தவர்கள் தொடங்கியது. கோல் வலையையும் அவர்களே முடைந்தார்கள். இருபத்தைந்து வருடம் மாவட்ட லீக்கைத் தாண்டவில்லை. தொண்ணூற்றொன்றில் ஒரே ஒரு தரம் பிராந்திய லீக்குக்கு ஏறினார்கள். இப்போது ஆலை கழகத்தைக் கைவிட்டுவிட்டது, ஊர்ச்சனம் பொறுப்பெடுக்கிறது. அதற்காக அவளுடைய அப்பா கழகத்தின் வரலாற்றை எழுதுகிறார்.

"எங்களை மேலே ஏற்றிய கோல் அவருடையது," என்று தாளைப் பார்த்து வாசித்தாள். "கடைசி நிமிடங்களில் மூலையிலிருந்து வந்த பந்தை ஞானசேகரம் தலையால் அடித்தார்."

நான் கொட்வினின் காலை மேசைக்குக் கீழே மிதித்தேன். பிரயோசனம் இல்லை.

"தலை இல்லை," என்றார் அவர். "இடது கால். தலையால் அடிக்க வந்தவர் உங்கள் அப்பா. அவருக்கு எட்டவில்லை. பின்னால் நின்ற நான் அடித்தேன்."

நான் என்று சொல்லிவிட்டார். நவோமி எழுந்து நின்றாள். கொட்வினின் காலைப் பார்த்தாள், பிறகு இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். மற்றப் பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இந்தப் புத்தகம் இத்தாலிக்கு வருமா?" என்று கேட்டேன். "போலீஸ்காரர் யாரும் பார்ப்பார்களா?"

"எங்கள் ஊர்க்காரரைத் தவிர யாரும் வாசிக்கமாட்டார்கள், சிஞ்ஞோரா," என்றாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் கொட்வினிடம் நீட்டினாள். ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயரும் அவரவர் கையால், அவரவர் எழுத்தில் வரவேண்டுமாம்.

கொட்வின் என் பக்கம் சரிந்து தமிழில் சொன்னார்.

"எங்கட எழுத்திலைதானே எமிலி. அங்கை ஆருக்கு வாசிக்கத் தெரியும்? என்ர சொந்தப் பேரை எழுதட்டே? அது நான் அடிச்ச கோல்."

அவர் கண்ணில் அப்படி ஒரு ஆசையை நான் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை. அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. ஆபத்தும் இல்லை. வாரம் முழுக்க நான் அலறியது அந்த மற்றப் பெயரை நினைத்துத்தானே? சந்தோசமாகத் தலையாட்டியிருக்க வேண்டும்.

"எழுதுங்கோ," என்றேன். தம்பியின் பெயரைக் கேட்டு வந்த தாள் அது என்றுதான் மனசு சொன்னது.

பேனை தாளுக்கு மேலே அப்படியே நின்றது. கொட்வின் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக 'ஞானசேகரம்' என்று எழுதினார்.

"ஜப்பானுக்குப் போகவேண்டியவன் அவனெல்லே," என்றார்.

நவோமி தாளை இரண்டு கையாலும் வாங்கி மை காயும்வரை வைத்திருந்தாள். வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் பெயருக்குக் கீழே போடுகிறோம்," என்றாள். "இறந்துபோனவர்களுக்கு ஒரு கறுப்புக் கோடு. மூன்று பேருக்குப் போட்டிருக்கிறது. இவருக்கு என்ன எழுதட்டும்?"

பெர்மெஸ்ஸோ, வக்கீல், குவெஸ்தூரா ஒன்றும் எனக்கு அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

"பலெர்மோ," என்றேன். "அக்கா வீட்டில் என்று எழுதுங்கள்."