காதுக்கு வந்த போன்

அச்சு இயந்திர இரைச்சலிலேயே காலம் தள்ளியவர் அச்சுக்காரர். வேலையை விட்டபோது காதும் விட்டுப் போயிருந்தது. மகன் நல்லவன்தான், முகம் சுளிக்காமல் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தான். புளூடூத்தில் போனோடு இணைத்தால்தான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமாம். அப்பாவிடம் இருப்பதோ பட்டன் போன். அதனால் தன் போனோடே இணைத்துவிட்டான். போனில் வருகிற பேச்சும் அந்தக் கருவிக்கே போய்விடும் என்று அந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றவில்லை.

அந்த மகன் இப்போது குடும்பத்தோடு வெளிநாடு போகிறான். அப்பா எங்கே போவது? முதியோர் இல்லம் என்று மருமகள் ஒருமுறை வாயெடுத்தாள். "எனக்குப் பொண்ணு இருக்காம்மா" என்று அவள் வாயை அடைத்துவிட்டார் அச்சுக்காரர்.

கருவியை இணைத்த அன்றே, ஞாயிற்றுக்கிழமை, மகன் சமையலறையில் நின்று தங்கைக்குப் போன் போட்டான். கூடத்தில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அச்சுக்காரரின் இரண்டு காதிலும் மகள் பேசினாள்.

"அண்ணா, அப்பாவை மட்டும் இங்க அனுப்பிடாதே."

"ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கலையே!" என்று சமையலறையில் மகன் கத்தினான். அவளோ வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள்.

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் முடியாது. எதையும் பத்து தடவை கத்திச் சொல்லணும். ஏதாவது ஹோம் பாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

அச்சுக்காரர் கருவியைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. எத்தனை மாதம் கழித்துக் கேட்கிற குரல்! பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

மகன் வெளியே வந்தான். "லைனே சரியில்லப்பா. மறுபடி போடறேன்."

"வேண்டாம்டா. எனக்கே அங்க போக மனசில்ல. அந்த இல்லத்துலயே சேத்துடு."

மருமகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். பாவம், அவளைச் சொல்லி என்ன பயன்?

மகன் தங்கைக்குச் செய்தி அனுப்பினான். உடனே அவளே கூப்பிட்டாள். "நீங்களே பேசுங்கப்பா" என்று போனை நீட்டினான்.

"என்னப்பா, நான் ஒருத்தி இருக்கறப்போ ஹோமுக்குப் போறேன்னீங்களாமே? உங்களுக்குன்னு ரூமே ஒதுக்கி வெச்சிருந்தேனே!" விம்மினாள். அழுகை உண்மையாகவே இருந்தது. அதுதான் கொடுமை.

ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்டது.

"சரியா கேக்கலம்மா" என்றார் அச்சுக்காரர். "நீ நல்லா இருக்கியா?"