பத்தாயிரம் நூல்

ஞானம்மாளின் டயாலைசர், அதைக் கழுவும் அறைக்கு வந்த பத்தாவது நிமிடம் ஞானம்மாளே வந்து வாசலில் நின்றார். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

"என்னோடத கழுவுறத நான் பாக்கலாமாம்மா?"

நஃபீசா கையுறை மாட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். கிழக்குத் தாம்பரத்தின் அந்தச் சின்ன டயாலிசிஸ் சென்டரில் அவள் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. நோயாளி யாரும் இந்தப் பின்னறைவரை வந்ததில்லை. நான்கு மணி நேரம் ஒருவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்து களைத்த டயாலைசர் என்ற ஓரடிக் குழாய், அவரவர் பெயரோடு அவளிடம் வரும். கழுவி, கிருமி கொல்லும் மருந்து நிரப்பி வைப்பாள். அடுத்த முறை அதே ஆளுக்குத் திரும்பப் போகும். யாருக்கு ரத்தம் சீக்கிரம் உறையும் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். முகம் கேட்டால் தெரியாது.

ஞானம்மாளைப் பற்றி மட்டும் காலையிலேயே நர்ஸ் டெபோரா சொல்லியிருந்தாள். "இன்னியோட டயாலிசிஸ் போதும், வெள்ளிக்கிழமை வரமாட்டேன்னுட்டாங்க. பையன் படிக்கட்டுல உக்காந்து அழுறாரு."

நஃபீசா ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினாள். "தள்ளி நின்னு பாருங்க ஆன்ட்டி. தெறிக்கும்."

குழாயைப் பொருத்தித் தண்ணீரைத் திறந்தாள். முதலில் கருஞ்சிவப்பாகக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறம். பிறகு நிறமே இல்லாமல் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாத அந்த அம்மாள் அத்தனை தண்ணீரையும் கண் எடுக்காமல் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணுக்கே வர்றதில்ல," என்றார் தாழ்ந்த குரலில். "எல்லாம் இது வழியாத்தான் போச்சா?"

நஃபீசா மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே நெருக்கமாக அடைந்திருந்த வெள்ளை நூல்களின் நுனியைக் காட்டினாள். "பத்தாயிரம் இருக்கும் ஆன்ட்டி. ஒவ்வொண்ணு நடுவுலயும் ஓட்டை இருக்கு. அதுக்குள்ளதான் உங்க ரத்தம் போவுது."

ஞானம்மாள் வெகுநேரம் குனிந்தே இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். "எங்க கேபிளை வெட்டினா இப்படித்தாம்மா இருக்கும். ஒவ்வொரு கம்பியிலயும் ஒரு வீட்டுப் பேச்சு." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உன்னோட கிட்னி எவ்ளோ பெருசு?"

"கை முஷ்டி அளவு."

"அதை யாரு கழுவுறா?"

கேலியாகக் கேட்கவில்லை. நஃபீசா டிப்ளமோவில் படம் போட்டுப் பாகம் குறித்த விஷயம்தான். இருபத்து மூன்று வருடமாக, தூங்கும்போதும் பரீட்சை எழுதும்போதும், இதோ இப்போதும், இடுப்புக்கு மேலே சத்தமில்லாமல் இரண்டு கிட்னியும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒருநாள்கூட அவள் அவற்றைப் பற்றி நினைத்ததில்லை.

அவள் மூடியை மாட்டி, குழாயில் இருந்த தண்ணீரை அளவுச் சாடிக்குள் தள்ளினாள். "புதுசுல பிடிச்ச தண்ணில எண்பது பர்சென்ட்டாவது இப்பவும் பிடிக்கணும். குறைஞ்சா தூக்கிப் போட்டுடுவோம்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். எண்பத்து நான்கு சதவீதம் இருந்தது.

"ஒம்பது தடவை ஓடியும் இன்னும் தாங்குது ஆன்ட்டி." மருந்துக் கேனை எடுத்தவள் தயங்கினாள். "வெள்ளிக்கிழமைக்கு... ரெடி பண்ணட்டுமா?"

வெளியே வேளச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஞானம்மாள் பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

"மருந்து எவ்ளோ நேரம் உள்ள இருக்கணும்?"

"ஒரு நாளாவது இருக்கணும்."

"அப்ப இப்பவே ஊத்தினாதானே வெள்ளிக்கிழமைக்குச் சரியா வரும்?"

நஃபீசா குழாயை நிமிர்த்திப் பிடித்து அடியிலிருந்து மருந்தை ஏற்றினாள். நூல்களுக்கிடையே பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. ஒன்றையொன்று முட்டி, விலகி, மேலே வந்து, ஓசையில்லாமல் உடைந்தன. கடைசிக் குமிழி போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.