சும்மா என்றொரு ஃபோல்டர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. அக்காவிடம் பேரம் பேசி வாங்கியது. மாமாவை அழவைக்கக் கூடாது, தன்னைப் புத்திசாலியாகக் காட்டக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் போட்டாள். இரண்டாவதற்கு உடனே சம்மதித்தேன்.

முதல் தொடக்கம்: 'கூட்டத்தையே கட்டிப்போட்ட அந்தக் கம்பீரக் குரல்...'

வேண்டாம். வாயால் புகழ வேண்டியிருந்தால் சரக்கு மட்டம் என்று பொருள்.

இரண்டாவது: மாமா, அக்காவின் கணவர், பழைய மரச்சாமான்களை ஏலம் விடுபவர். தொண்டையில் கட்டி. நாளைக் காலை எட்டு மணிக்குக் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். பிறகு, முன்பே பதிந்துவைத்த வாக்கியங்கள்தான் அவர் பேச்சு. திரையில் படத்தைத் தொட்டால் அவர் குரலில் ஒலிக்கும். மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா அந்தக் கருவியை வீட்டுக் கணினியில் கன்டெய்னருக்குள் ஓடவிட்டிருந்தாள்.

இது இருக்கட்டும்.

2

[கன்டெய்னர் என்றதும் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அது சந்தையில் போடும் கூடாரக் கடை மாதிரி. மாற்ற வேண்டுமென்றால் பழையதைப் பிரித்தெறிந்துவிட்டுப் புதிது நடுவார்கள். உள்ளே விட்ட சரக்கும் அதோடு போகும். அதனால் வெளியே ஒரு கிடங்கு, வால்யூம் என்பார்கள். கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அந்தக் கிடங்குக்கு வழி போட வேண்டும்.]

அக்கா 'தேவை' என்று ஒரு ஃபோல்டர் வைத்து வழியும் போட்டாள். தண்ணி வேணும், வலிக்குது, ஜன்னலைத் திற. இருநூறு வாக்கியங்கள்.

ஏலக்காரர் விடுவாரா?

"பத்து தேவைக்கு ஒரு சும்மா. இல்லன்னா வாயத் தொறக்க மாட்டேன்."

"சும்மான்னா?"

"சும்மாதான். பேச்சுக்குப் பேசுறது."

"இருபதுக்கு ஒண்ணு."

"உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அஞ்சுக்கு ஒண்ணு."

கணக்கில் புலியான அக்கா இதற்கு ஒப்புக்கொண்டாள். நம்புவது உங்கள் பாடு. அன்றே கருவிக்குள் 'சும்மா' என்று இரண்டாவது ஃபோல்டர் திறந்தாள். நாற்பது பதிவுகள். அதற்கு வெளியே வழி போட மறந்தாள்.

3

இன்று மதியம் மூன்று மணி. படங்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று பழைய கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். தேவை இருநூறும் இருந்தன. சும்மா இல்லை.

[அக்காவின் முகத்தைப் பற்றி மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். பக்கத்தில்தான் நின்றேன், ஆனால் நான் அவளைப் பார்க்கவில்லை.]

மாமா வாசற்படியில் நின்றார். "என்ன, போணியே ஆகாத மாதிரி உக்காந்திருக்கீங்க?"

பதிவு தெளிவா இல்லன்னு சொல்லிடு என்று நான் கிசுகிசுத்தேன். நல்ல பொய், பழுதில்லாத சரக்கு. அவள் வாங்கவில்லை.

"உங்க சும்மா எல்லாம் போச்சுங்க. என் தப்புதான்."

"தேவை?"

"அப்படியே இருக்கு."

"அது யாருக்கு வேணும்," என்றார் மாமா.

4

முடிவு அ: அக்காவின் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறார். அப்படி யாரும் இல்லை.

முடிவு ஆ: மாமா தத்துவம் பேசி மன்னிக்கிறார். நீங்கள் என் மாமாவைப் பார்த்ததில்லை.

நடந்தது இது. அக்கா முதலில் சும்மாவுக்கு வெளியே வழி போட்டாள். கன்டெய்னரை ஒருமுறை அழித்து, ஏற்றி, சோதித்தாள். பிறகு மைக்கை நகர்த்திவைத்தாள்.

"என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்லையே."

"எனக்கு இருக்கு. சொல்லுங்க: எனக்குத் தெரியாதா உன்ன."

"எனக்குத் தெரியாதா உன்ன."

"இன்னும் கொஞ்சம் கொழுப்பா சொன்னீங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். உப்பு கம்மிதான், பரவால்ல. அந்த நீலச் சட்டையத் தூக்கிப் போடாத. உன் தம்பி இன்னும் கிளம்பலையா. குரல் கரகரத்தது, நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி. முப்பத்தொன்பதில் அக்கா நின்றாள்.

"நாப்பதாவது ஞாபகம் இல்லைங்க."

மாமா அவளையே பார்த்தார். "இல்லையா?"

"இல்ல."

"மாப்ள, கொஞ்சம் வெளிய நில்லு."

நின்றேன். கதவு சாத்தியிருந்தது. சத்தியமாக ஒட்டுக்கேட்டேன், ஒன்றும் விழவில்லை. பிறகு அக்காவிடம் எவ்வளவோ பேரம் பேசியும் படியவில்லை.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

40. ........................

தேவையான எதையும் அதில் எழுதிவிடாதீர்கள்.