ஞாயிற்றுக்கிழமைக் களைகள்

1

இந்தக் கதை என் அக்கா போட்ட சண்டையிலிருந்து வந்தது. கற்பனை, தவம், உள்ளொளி என்று எதுவும் கிடையாது. மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தவள் நடுவில் என் பக்கம் திரும்பி, "நீயும் எழுத்தாளன்னு ஒருத்தன், பொழுதன்னைக்கும் இங்க உக்காந்து தின்னுக்கிட்டிருக்கியே, இதையாவது எழுதித் தொலைடா" என்றாள். எழுதித் தொலைக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: விடியலின் பொன்னொளியில் பசுமை போர்த்திய அந்தப் பண்ணை—

[அடித்துவிட்டேன். அந்தப் பண்ணையில் பச்சையாக இருந்தது பெயர்ப்பலகை மட்டும்தான்.]

2

அக்காவும் மாமாவும் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வைத்திருக்கிறார்கள். மாமா முன்பு லிஃப்ட் விற்றவர். மண்ணைத் தொட்டதும் அவருக்கு ஞானம் வந்துவிட்டது, விளைச்சல்தான் வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் 'உழைப்பே பாடம்' என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார். நகரத்திலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள். தொப்பியும் கையுறையும் கொடுப்பார்கள். வந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது, நிஜ வேலை செய்ய வேண்டும். வேலை செய்வதற்குக் கட்டணமும் அவர்களே கட்டிவிட வேண்டும். இதை முதலில் யோசித்த புண்ணியவானை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நிஜ வேலையில் ஒரு தொல்லை. முதலில் வந்தவர்கள் களையை விட்டுவிட்டுக் கத்தரியைப் பிடுங்கினார்கள். அடுத்து வந்தவர்கள் பாரபட்சமில்லாமல் இரண்டையும் பிடுங்கினார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பாத்திகளில் களையை மட்டுமே வளர்த்தாள். விதை* தூவி, தண்ணீர் ஊற்றி, ஆளாக்கி, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் பிடுங்கக் கொடுப்பாள். அங்கே எதைப் பிடுங்கினாலும் களைதான். எல்லோருக்கும் சந்தோஷம்.

*களை விதை கடையில் கிடைக்காது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டு வாங்கி வருகிறாள். அவர் இன்றைக்கும் அக்காவை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

3

இந்தக் கதையின் உயிர் கேரட்டில் இருக்கிறது. பின்பக்கம், வேலி போட்ட பாத்தியில் அக்கா கேரட் போட்டிருந்தாள். விதைத்த அன்றே மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

"இந்தக் கேரட் நல்லா வந்து வித்துட்டா ஞாயித்துக்கிழமைக் கூத்தை நிறுத்திடணும். சரியா?"

"சரிம்மா. நிறுத்திடலாம்."

அக்காவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் பஸ் நிற்காமல், தன் தோட்டத்தில் தான் வேலை செய்ய வேண்டும்.

மாமாவை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு. முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன்: மாமா மீசையை முறுக்கியபடி— அவருக்கு மீசையே கிடையாது. இரண்டாம் வரைவில் அப்பாவி ஆக்கினேன். அதை நானே நம்பவில்லை. மைக் கையில் கிடைத்தால் கீழே வைக்காத மனுஷன் அவர். "மண் நம்மை அழைக்கிறது, நண்பர்களே" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகம் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்குமா?

5

[நான்காம் பகுதியைப் பிடுங்கிவிட்டேன். மேகம், பறவை என்று ஒரே வர்ணனை. களை என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் மாமாவைப் பற்றிய ஒரு நல்ல வரியும் அதோடு போயிருக்கிறது.]

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கேரட்டுக்கு முன்கூட்டியே விலை பேச ஒரு கடைக்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். வந்த கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா இருந்தார். மற்றவர்கள் ஒரு களையைப் பிடுங்கி நாலு போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவர் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"வேரோட வரணும். உள்ள நின்னுடுச்சுன்னா மறுபடி தொந்தரவுதான்" என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். டீ வருவதற்குள் களைப் பாத்திகள் மொட்டை.

"அடுத்து என்ன சார்? நாங்க நிஜ வேலை செய்யத்தான் வந்திருக்கோம்" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அவர் நடந்துபோய் வேலிக் கதவைத் திறந்துவிட்டார்.

கேரட் செடி சின்னதாக இருக்கும்போது நூல் நூலாக, பார்க்கப் பாவமாக இருக்கும். டாக்டர் கையில் ஒன்றும் தப்பவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது டாக்டர் ஒரு பிடிச் செடியைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கம்மா, ஒரு வேர்கூட உடையல."

"அது கேரட்டுங்க" என்றாள் அக்கா.

டாக்டரின் முகம் செத்துவிட்டது. "அய்யோ, திரும்ப நட்டுடலாமா?"

"பிடுங்கி நட்டா பாதி பிழைக்காது. பிழைக்கிறதும் கோணிக்கிட்டுப் போகும்."

அதற்குள் மாமா மைக்கை எடுத்துவிட்டார். "நண்பர்களே, அடுத்த பாடம், மறுநடவு." கூட்டம் கை தட்டியது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து வாடிய செடிகளை நட்டார்கள். போட்டோக்கள் அருமையாக வந்திருந்தன.

பஸ் போன பிறகு அக்கா கேட்டாள். "வாக்கு ஞாபகம் இருந்துதான் தொறந்தீங்களா, மறந்துபோய்த் தொறந்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"வந்து நிக்கிறவங்ககிட்ட வேலை இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

"நான் கேட்டது அது இல்ல."

அதற்குப் பிறகுதான் எனக்குத் திட்டு விழுந்தது.

6

முடிவுகள் தயாராக இருக்கின்றன.

அ) மாமா கண்ணீர் விடுகிறார், அக்கா மன்னிக்கிறாள்.

ஆ) கோணல் கேரட் புதுமை என்று பெயர் வாங்கி அமோகமாக விற்கிறது.

இ) அக்கா பெட்டியோடு கிளம்பி என் வீட்டுக்கு வருகிறாள். (இதற்கு என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.)

பிடித்ததைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். மூன்றும் உங்களுக்காகவே நான் விதைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. எதைப் பிடுங்கினாலும் எனக்கு நஷ்டமில்லை.

7

அக்கா ஒரு பூட்டு வாங்கி வந்தாள். வேலிக் கதவுக்கு என்று நாங்கள் நினைத்தோம். இன்று ஞாயிற்றுக்கிழமை, அது வாசல் கேட்டில் தொங்குகிறது. வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது. டாக்டர் ஜன்னல் வழியாகக் கையசைக்கிறார். பாவம், பிராயச்சித்தம் செய்ய வந்திருக்கிறார் போலிருக்கிறது. மாமா தொப்பி போட்டுத் தயாராக நிற்கிறார். சாவி அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அவள் அந்தக் கேரட் பாத்தியில் குனிந்து மறுபடி விதைத்துக்கொண்டிருக்கிறாள்.

"சாவியைக் கொடும்மா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தரேன்."

மாமா தொப்பியைக் கழற்றுகிறார். அவர் தொப்பியைக் கழற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. வாயைத் திறக்கிறார்.

இங்கே நான் பேனாவை வைத்துவிடுகிறேன். மிச்சத்தை நீங்கள் செய்யுங்கள், நிஜ வேலைக்குத்தானே வந்தீர்கள். கையுறை அந்தக் கூடையில் இருக்கிறது. பார்த்துக் கால் வையுங்கள், அக்கா இப்போதுதான் விதைத்திருக்கிறாள்.