கை நனைத்த வீடு

ஆபீஸிலிருந்து வந்த குஞ்சிதபாதம் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பெரியநாயகி அவருடைய வலது கையை மெல்லத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். மீன் குழம்பு வாசம் இல்லை. ரச வாசம்கூட இல்லை. வெறும் சோப்பு வாசம். அதுதான் அவளுக்கு உறுத்தியது. கையை இத்தனை சுத்தமாகக் கழுவிவிட்டு வருகிற மனுஷனுக்கு மற்றதை மறைக்கவா தெரியாது?

சந்தேகம் சும்மா வரவில்லை. கொஞ்ச நாளாக ராத்திரிச் சாப்பாட்டில் பாதி அப்படியே தட்டில் கிடந்தது. காலையில் இட்லியை ஒழுங்காகத் தின்கிற வாய், இருட்டினால் நாலு கவளத்தில் போதும் என்றது. வேறு எங்கேயோ கை நனைத்துவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். அவர்கள் ஊர் நெரவியில் ஒரு வீட்டில் கை நனைப்பது சாதாரண விஷயமா? பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, சம்மதம் சொல்லும்வரை பஜ்ஜி சொஜ்ஜியோடு எழுந்துகொள்வார்களே தவிர, இலை போட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்தால் உறவு ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த உறவு யாரோடு என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் போனில் பேசினால் சொல்லெல்லாம் மூக்கு வழியாகக் குழைந்து வருவதும், வலது கண் பாதி மூடி எதையோ நினைத்துச் சொக்கிக் கிடப்பதும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தன.

தை மாதம் அவருக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் மண்டபம் பேசியாகிவிட்டது. சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, மறுபடி ஒரு தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். நீட்டுவதா வேண்டாமா என்று அடுப்படியில் நின்று தனியாக யோசித்துக்கொண்டிருந்தாள் பெரியநாயகி.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. எடுத்தாள். கும்பகோணத்தில் ஏதோ அழகு சிகிச்சை ஆஸ்பத்திரியாம். ஒரு பெண் பேசினாள்.

"சாருக்கு புதன்கிழமை இமை ஆபரேஷன் இருக்குங்க. வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க. கூட வர்றவங்க ராசாத்தின்னு சொல்லியிருக்காங்க, அவங்க ஆதார் காப்பி ஒண்ணு வேணும்."

ராசாத்தி அவர் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். புருஷனை இழந்தவள். ஆக, கை நனைக்கிற வீடு தெரிந்துவிட்டது. பெரியநாயகி போனை வைத்தாள். தலை துவட்டிக்கொண்டே வந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"கண்ண வெட்டித் தச்சு, மாப்பிள்ளையாவப் போறீங்களாக்கும். யாருக்காவ?"

அவர் துவட்டுவதை நிறுத்தினார். "அறுபதாம் கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பாங்கல்ல. ஒரு கண்ணு தொங்கிட்டுக் கெடக்குதேன்னு..."

"கல்யாணம் என்கூட. தொணைக்கு வர்றது ராசாத்தியா?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சொல்லி முடிக்க நேரமானது. அவர் வேலை பார்ப்பது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில், பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுன்டரில். சுரக்குடியிலிருந்து பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க வந்த பெண்ணொருத்தி, சார் கண்ணடிக்கிறார் என்று புருஷனை அழைத்து வந்து கூச்சல் போட்டுவிட்டாளாம். தானாக விழுந்த இமை அது. ராசாத்திதான் நடுவில் புகுந்து சமாதானம் செய்து அனுப்பினாளாம். ஆஸ்பத்திரி விசாரித்ததும் அவள்தானாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா நீ?"

நம்பியிருக்க மாட்டாள். இப்போதும் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. தைத்ததை வெளியே காட்டாமல், "மொதல்ல நம்ம ஜூலியட் டாக்டர் பாக்கட்டும். அவங்க சொன்னா வெட்டிக்குங்க" என்றாள். காரைக்காலில் அவளுக்குக் கண்புரை எடுத்தவர் ஜூலியட். அக்கறையால் சொன்னதில்லை அது. கண்ணில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் வாயால் வரட்டும், அப்போது இந்தக் கதை என்ன ஆகிறதென்று பார்த்துவிடலாம் என்ற கறுவல்தான்.

மறுநாள் சாயங்காலமே இழுத்துக்கொண்டு போனாள். கும்பகோணத்து ஆபரேஷன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தன் விரலை உயரே தூக்கி, கண்ணை இறக்காமல் அதையே பார்க்கச் சொன்னார். குஞ்சிதபாதம் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது இமை கடை ஷட்டர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. புருவத்தைத் தூக்கி அவர் எவ்வளவோ முயன்றும் அது நிற்கவில்லை. பெரியநாயகி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். இப்படி யாராலும் நடிக்க முடியாது.

"கும்பகோணத்துல எந்த நேரத்துல பாத்தாங்க?" என்றார் டாக்டர்.

"காலையிலங்க. தோல் தொங்குது, கொஞ்சம் எடுத்துட்டா எளமையா ஆயிடுவீங்கன்னாங்க."

டாக்டர் பெரியநாயகி பக்கம் திரும்பினார். "கூட இருக்கறவங்களுக்குத்தாம்மா தெரியும். சாயங்காலம் ஆனா இவர்கிட்ட என்ன மாறுது? எல்லாத்தையும் சொல்லுங்க."

எல்லாமும் அவளிடம் இருந்தது. வேவு பார்த்துச் சேர்த்ததாயிற்றே. காலையில் இட்லி இறங்குவதையும் ராத்திரி சோறு மிஞ்சுவதையும் சொன்னாள். போனில் பேச்சு மூக்கால் வருவதைச் சொன்னாள். டி.வி.யை அண்ணாந்து பார்ப்பதையும் வந்ததும் வராததுமாக நாற்காலியில் சாய்வதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்கு அன்னியமாகக் கேட்டது.

"ஏங்க ராத்திரி சாப்பிடாம எந்திரிக்கிறீங்க?" அங்கேயே கேட்டாள்.

"மெல்ல முடியலடி. பாதியிலயே தாடை ஓஞ்சு போவுது. வயசாயிட்டுன்னு நெனச்சேன்."

"கத்தி இப்ப வேண்டாம்" என்றார் டாக்டர். "தசை சீக்கிரம் சோந்துபோற வியாதி ஒண்ணு இருக்கு. அதுவான்னு ரத்தம் பாக்கணும், நெஞ்சு ஸ்கேனும் எடுக்கணும். அதுவா இருந்தா மருந்து இருக்கு. ஆனா முழுங்கறதோ மூச்சோ சிரமமானா, எந்த நேரமா இருந்தாலும் ஓடி வந்துடணும். எதிர்க்கடையில ஐஸ் கொஞ்சம் வாங்கிட்டு வாங்கம்மா, அந்த வியாதின்னா குளிர் பட்டதும் இமை ஏறும், பாப்போம்."

சர்பத் கடையிலிருந்து ஐஸ் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடி வந்தாள். நர்ஸ் கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. தானே அந்த மூடிய இமைமேல் வைத்துப் பிடித்தாள். தண்ணீர் அவள் விரல் வழியாக வழிந்து அவர் கன்னத்தில் இறங்கி, சட்டைக் காலருக்குள் போனது. அவர் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"போதும், எடுங்க."

எடுத்தாள். இமை மேலே போயிருந்தது. அந்தக் கண் முழுசாக, நேராக அவளைப் பார்த்தது. முகூர்த்தத்தன்று பார்த்த அதே பார்வை. அவளால் தாங்க முடியவில்லை. தலை குனிந்துகொண்டாள்.

"என்னடி?" என்றார் அவர்.

"கொஞ்ச நேரந்தாம்மா இது நிக்கும்" என்றார் டாக்டர், ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே.

சட்டென்று நிமிர்ந்தாள். இமை அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. கைக்குட்டையில் ஐஸ் ஒன்றும் மிச்சமில்லை, ஈரம்தான் இருந்தது. அதையே மடித்து மறுபடி அவர் கண்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.